ஆற்றுத்துறையில் தோய்க்கிறவள்

பாலேஸ்வரி துப்புரவு வேலை செய்த கட்டடம் ஸ்காபரோவில் ஒரு பழைய வெயர்ஹவுஸ், சரக்கு வைக்கிற கிடங்கு. அதன் பின்பாதியை டெரெக் என்ற நாற்பது வயதுக்காரர் வாடகைக்கு எடுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவை தியேட்டர் பக்கம் போகாத படங்கள். நேரே வீடியோக் கடைக்குப் போகும். எல்லாம் அயர்லாந்துப் பழங்கதைகள்: வாள், மந்திரம், மூடுபனி. தலைக்கவசங்கள் வெள்ளிப் பூச்சு அடித்த பிளாஸ்ரிக் கோப்பைகள். படையில் மொத்தம் பதினைந்து பேர். காலையில் ஒரு பக்கத்துக்காகச் செத்தவர்கள் மத்தியானம் தாடியை மாற்றிக்கொண்டு மற்றப் பக்கத்துக்காகச் சாவார்கள். அவர்கள் சிந்திய, சோளப்பாகில் செய்த பொய் இரத்தத்தை நிலத்திலிருந்து துடைத்தெடுப்பது பாலேஸ்வரியின் வேலை. தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஒக்ரோபரில் அவளுக்கு அங்கே இரண்டு வருசம் முடிந்திருந்தது.

ஒருநாள் டெரெக் தன் ஆட்களுக்குப் புதுப்படத்தின் கதையைச் சொன்னார். கடைசிச் சண்டைக்குப் போகிற வீரன் ஒருவன் வழியில் ஆற்றைக் கடக்க வருகிறான். துறையில் ஒரு பெண் இருந்து இரத்தக்கறை பிடித்த சட்டையொன்றைத் தோய்க்கிறாள். யாருடைய சட்டை என்று அவன் கேட்கிறான். “உன்னுடையது” என்கிறாள். அவன் அதற்குப் பிறகும் ஆற்றைக் கடந்து சண்டைக்குப் போகிறான்.

பாலேஸ்வரி நிலம் துடைக்கிற மொப்பைப் பிடித்தபடி கதை முடியும்வரை நின்றாள்.

அடுத்த கிழமை, அந்தப் பெண்ணாக நடிக்க இருந்தவள் நல்ல சம்பளத்துக்கு ஒரு விளம்பரம் கிடைத்து வன்கூவருக்குப் போய்விட்டாள். மோர்னிங்சைட் பூங்காவில் படம் எடுக்க நகரசபை கொடுத்த அனுமதியில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம். டெரெக் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், வாளிக்கு மேல் துணி பிழிந்துகொண்டிருந்த பாலேஸ்வரியை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ செய்வாயா? ஒரு வசனம்தான்.”

“நாளைக்குச் சொல்கிறேன்” என்றாள் அவள், தன்னிடமிருந்த ஆங்கிலத்தில்.

வீட்டில் கணவன் மகேஸ்வரன் பிறம்ரனில் வேலை முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விசயத்தைக் கேட்டதும் கையை உதறினான்.

“உனக்கென்ன விசரே? வெள்ளைக்காரன்ர படத்தில உடுப்புத் தோய்க்கிறவளா வரப்போறியோ? சனம் பாத்தா என்ன கதைக்கும்? நாங்கள் எந்தப் பகுதி, என்ன சாதி எண்டெல்லோ கேக்குங்கள்.”

“இந்த வீட்டில உங்கட உடுப்பை ஆர் தோய்க்கிறது?”

“அது வீடு.”

“அங்க ஆறு. அவ்வளவுதான்.”

“காசுக்கோ போறாய்?”

“காசுக்கும்தான்.” அவள் சோற்றுச் சட்டியை மூடினாள். “அந்த மனுசியை எனக்குத் தெரிஞ்ச மாதிரிக் கிடக்கு. வேற ஆரும் வந்து பழுதாக்கிப்போடுவினம். நான் போறன்.”

அவன் கை கழுவ எழும்பினான். 

பூங்காவுக்குள் ஓடும் ஹைலண்ட் கிறீக் என்ற சிற்றாற்றில் தண்ணீர் முழங்காலளவு. கரையெல்லாம் மேப்பிள் இலை. அவளுக்குக் கறுப்பு அங்கி போட்டு, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, கையில் சோளப்பாகு பூசிய சட்டையைக் கொடுத்து, தோய்க்க ஒரு வாளி சுடுதண்ணியும் கரையில் வைத்தார்கள். வீரனாக நடித்த அன்ட்ரூ மறுகரையில் கோப்பைத் தொப்பியோடு குளிரில் நடுங்கினான்.

“அழ வேண்டும்” என்றார் டெரெக். “ஓலமிட்டு அழு. மார்பில் அடித்துக்கொள்.”

முதல் தரம் அவர் சொன்னபடி செய்தாள். செத்தவரைத் தெரியாத வீட்டில் அழுகிற மாதிரி இருந்தது. அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

“இன்னும் கூடுதலாக” என்றார் டெரெக். கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். “நீ யுத்தம் நடந்த நாட்டிலிருந்து வந்தவள்தானே. அதை நினைத்துக்கொள்.”

பாலேஸ்வரி சட்டையைக் கல்லில் வைத்துவிட்டு எழும்பினாள்.

“அது என்னுடையது. உங்கள் படத்துக்குத் தரமாட்டேன்.”

  வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“யாழ்ப்பாணத்தில் நான் ஒரு ஆஸ்பத்திரியில் பத்து வருசம் வேலை செய்தேன். பிள்ளை பிறக்கிற அறையில். சீலை, துணி எல்லாம் தோய்த்தது நான். எனக்கு இரத்தம் தெரியும். நீங்கள் கைக்குச் சுகமாக இருக்கட்டும் என்று சுடுதண்ணி வைத்திருக்கிறீர்கள். சுடுதண்ணி பட்டால் கறை ஒருநாளும் போகாது. பச்சைத்தண்ணி வேண்டும். பிறகு, அழுதுகொண்டு தோய்க்க ஏலாது. இவளுக்கு எல்லாம் முன்னமே தெரியும். இனி இவளுக்கு வேலை மட்டும்தான் இருக்கு. அழுகிறதென்றால் அவன்தான் அழவேண்டும்.”

டெரெக் வானத்தைப் பார்த்தார். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கமெராக்காரன் ஒரு விரலைக் காட்டினான். ஒரு பிலிம் சுருள்தான் மிச்சம்.

“என்ர விதத்தில் ஒரு தரம் எடுங்கள். பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.”

“வேறு ஆளுக்கு நான் எங்கே போவது?” என்று முணுமுணுத்துவிட்டு டெரெக் கையைக் காட்டினார்.

அவள் சுடுதண்ணி வாளியைத் தள்ளிவைத்துவிட்டு ஓடுதண்ணீரில் இறங்கிக் குந்தினாள். விரல்கள் உடனே விறைத்தன. சட்டையை ஊறவிட்டு, கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கசக்கினாள். அன்ட்ரூ தண்ணீருக்குள் வந்து, “யாருடைய சட்டை அது?” என்று கேட்டான். அவள் நிமிரவில்லை. பிழிந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கறை கொஞ்சம் மிச்சம் இருந்தது. திரும்பவும் தண்ணீரில் அமிழ்த்தினாள். அதன் பிறகுதான் அவனைப் பார்த்தாள். கைதவறிப் பாத்திரம் உடைந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்: “உன்னுடையது.”

அன்ட்ரூ பேச வேண்டிய வசனத்தை மறந்துபோனான்.  கல்லில் கால் சறுக்கி, விழாமல் சமாளித்து, அவள் பக்கத்துக் கரையில் ஏறி அப்படியே நடந்தான். கமெரா ஓடிக்கொண்டே இருந்தது. டெரெக் நிறுத்தச் சொல்லவில்லை.

மார்ச்சில் படத்தின் வீடியோக் கசெற் வந்தது. மகேஸ்வரன்தான் வீடியோக் கடையில் தேடி எடுத்து வந்தான். ஏன் எடுத்தான் என்று சொல்லவில்லை. கோப்பைத் தொப்பிச் சண்டைகளில் இரண்டு தரம் சிரித்தான். ஆற்றங்கரை வந்தபோது முன்னுக்குக் குனிந்தான். திரையில் அவள் வாய் மூடியபடி தோய்த்தாள். ஆனால் அந்தக் காட்சி முழுக்க வேறொரு பெண்ணின் ஓலம் கேட்டது.

“உது உன்ர குரல் இல்லையே” என்றான் அவன்.

“இல்லை.”

“அவள் அழேல்லை. பிறகென்னத்துக்கு உந்தச் சத்தம்? நல்லா இருந்ததைக் கெடுத்துப்போட்டாங்கள்.” எழும்பி, கசெற்றைப் பின்னுக்கு ஓட்டி, சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்தான்.

திங்கட்கிழமை பாலேஸ்வரி துடைப்பம் எடுக்க முன்னமே டெரெக்கின் அறைக்குப் போனாள்.

“அந்த அழுகை யாருடையது?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கசெற் விற்கிறவர்கள் கேட்டார்கள். சத்தமில்லாவிட்டால் ஆட்கள் கசெற்றை நிறுத்திவிடுவார்கள் என்றார்கள். நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். இனி ஒன்றும் செய்ய ஏலாது, கசெற் எல்லாம் கடைக்குப் போய்விட்டது.”

“நீங்கள் என்னைக் கேட்டிருக்க வேண்டும்.”

“ஓம்” என்றார், ஒத்துக்கொண்டு. தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அது. அவளிடம் கேட்டுக் கேட்டுப் பழகியது. பிறகு மேசையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து நீட்டினார். அடுத்த படம். தீவொன்றைத் தனியே ஆளுகிற கிழவி. பதினொரு வசனம்.

“முதலில் வாசிக்கிறேன்” என்றாள் பாலேஸ்வரி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மகளின் பள்ளிக்கூட அகராதியைப் பக்கத்தில் வைத்து வாசித்தாள். முடிக்க நாலு நாள் பிடித்தது. ஐந்தாம் நாள் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு வசனங்கள் பென்சிலால் வெட்டப்பட்டிருந்தன.

“இவள் இதைச் சொல்லமாட்டாள். மற்ற ஒன்பதையும் நான் சொல்கிறேன். என்ர குரலில்.”

அவள் வெட்டியிருந்த இடங்களை டெரெக் வாசித்துப் பார்த்தார். பிறகு அந்த இரண்டையும் மையால் வெட்ட மேசையில் பேனாவைத் தேடினார்.