பனையில் மாட்டிய ராக்கெட்

கருமாதிக்கு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன மறுநாள் காலையில்தான் தாயம்மா அதை நின்று பார்த்தாள். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வரிசையாக நின்ற பனைகளில் மூன்றாவது பனை. அதன் உச்சியில், காய்ந்து தொங்கிய மட்டைகளுக்கு நடுவே, முழ நீளத்தில் ஒரு வெள்ளைக் குழாய் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்தாற்போல ஆரஞ்சு நிறத் துணி ஒன்று. ஆடிக் காற்று வீசும்போதெல்லாம் அந்தத் துணி உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது.

அதை எடுக்க ஏறித்தான் அவள் புருஷன் வேம்புலி அந்த மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான்.

வேம்புலிக்கு மரம் ஏறுவது புதிதில்லை. நிலத்து வேலை இருந்த காலத்தில் நுங்கு வெட்டவும் ஓலை இறக்கவும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நிலமெல்லாம் மனைக்கட்டாகிப் போன பிறகு ஆவடியில் ஒரு மிலிட்டரி ஃபாக்டரியில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான். தாயம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலைக்குப் போனாள். ஒரே மகள் முனியம்மாவை நூம்பலில் கட்டிக்கொடுத்தாயிற்று.

அந்த ஃபாக்டரியில் டர்னராக இருந்தவர் வீரராகவன். திருச்சிப் பக்கத்துக்காரர், பட்டாபிராமில் குவார்ட்டர்ஸ். அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. காகிதத்தைச் சுருட்டிக் குழாய் செய்து, அட்டையில் இறக்கை ஒட்டி, அடியில் வெடிமருந்துக் குழாய் வைத்து ராக்கெட் விடுவார். நான்கு பனை உயரத்துக்குச் சீறிக்கொண்டு போகும். மேலே போனதும் ‘பட்’டென்று மூக்கு கழன்று, உள்ளேயிருந்து துணி விரிந்து, குடை பிடித்தாற்போல மெல்ல இறங்கும். கோடையில் ஏரி வற்றியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும், அதே ஃபாக்டரியில் வெல்டராக இருந்த சுலைமானும் பருத்திப்பட்டுக்கு வந்துவிடுவார்கள். விடுவது அவர்கள் கையில் இருந்தது. இறங்குவது காற்றின் கையில் இருந்தது. ஐந்து விட்டால் இரண்டு மரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அதாவது எண்பத்தேழில், இருவரும் ஒரு புளியமரத்தடியில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்ததை அந்த வழியாக வந்த வேம்புலி பார்த்தான். கேட்கக்கூட இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, எடுத்து, கீழே கொடுத்தான். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அவனும் அங்கே இருந்தான்.

“சின்னப் புள்ளைங்களாட்டம் இன்னாயா இது?” என்று தாயம்மா கேட்பாள். “பொண்ண கட்டிக்குடுத்த ஆம்பள நீ. ஊர் சிரிக்குது.”

“சிரிக்கட்டுமே,” என்பான். மருந்து வாசனையோடு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்காருவான். அன்றைக்கு எத்தனை மேலே போனது, எது எந்த மரத்தில் மாட்டியது என்று அவன் சொல்லத் தொடங்கினால், அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஆடி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கரைப் பக்கம் கூச்சல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தபோது அவன் மல்லாக்கக் கிடந்தான். கையில் ஒரு காய்ந்த மட்டை முறிந்த வாக்கிலேயே இருந்தது. வேனில் ஏற்றிக்கொண்டு போகும்போதே மூச்சு நின்றுவிட்டது. போலீஸ்காரர் வந்து, தவறி விழுந்து மரணம் என்று எழுதிக்கொண்டு போனார். ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள். சார்தான் ஏறச் சொன்னார் என்றார்கள் சிலர். இல்லை, அவனாகத்தான் ஏறினான் என்றார்கள் சிலர். பிணத்தை எடுத்த அன்று வீரராகவன் தெருக்கோடியில் நின்றார். சுடுகாடு வரைக்கும் கடைசி ஆளாக நடந்தார். அவள் பக்கம் வரவில்லை. அதன்பிறகு ஊர்ப்பக்கமே அவரைக் காணவில்லை.

தாயம்மா வேலைக்குப் போகத் தொடங்கினாள். காலையில் கதவைத் திறந்தால் அந்தத் துணி. சாயங்காலம் பஸ் இறங்கி நடந்து வந்தால் அந்தத் துணி. வாசலில் கோணிப்பையைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள். கோணியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் கண் தானாக அங்கேதான் போனது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு விலாசம் விசாரித்துக்கொண்டு பட்டாபிராம் குவார்ட்டர்ஸுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி வசந்தகுமாரி.

“யாரும்மா?”

“வேம்புலி சம்சாரம்.”

அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. கதவை அகலத் திறந்து விலகி நின்றாள். வீரராகவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்; முகத்தில் பல நாள் தாடி. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். நீதான் ஏறச் சொன்னியா?”

“சொல்லல. காத்து பலமா இருக்கு, வேணாம் வேம்புலி, போனா போகுதுன்னுதான் சொன்னேன். ஆனா சொல்லிட்டு நான் அங்கேருந்து கிளம்பியிருக்கணும். கிளம்பல. மரத்தடியிலயே நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்தேன். நான் பாக்கறத அவரும் பாத்தாரு. அவ்வளவுதான்.”

கேட்பதற்கென்று தாயம்மா ரயிலில் வரும்போது சேர்த்து வைத்திருந்தது நிறைய. இந்தப் பதிலுக்குப் பிறகு அதில் எதைக் கேட்பதென்று தெரியவில்லை. ஆள் பொய் சொல்லியிருந்தால் சத்தம் போட்டிருக்கலாம்.

“அத்த எறக்கிக் குடு சார்,” என்றாள். “தெனம் மூஞ்சிக்கு எதுர்ல கீது. என்னால முடியல.”

“நாளைக்கே ஒரு ஆள் வெச்சு...”

“ஆளா?” அவள் குரல் உயர்ந்தது. “அந்த மரத்துல ஒருத்தன் ஏறக்கூடாது. இன்னொருத்தி தாலி அறுக்கறதுக்கா? கீழ நின்னுகினே எறக்கு.”

அவர் தலையசைத்தார்.

அடுத்த ஞாயிறு அவரும் சுலைமானும் வந்தார்கள். தூண்டில் நரம்பின் நுனியில் ஈயக் குண்டைக் கட்டி, உண்டிவில்லில் வைத்து உச்சிக்கு அடித்தார்கள். இருபது தடவை அடித்திருப்பார்கள். கடைசியில் நரம்பு ஒரு மட்டையின் மேல் விழுந்தது. இழுத்தபோது மட்டை ஆடியது. ராக்கெட் இறங்குவதற்குப் பதிலாக இன்னும் உள்ளே போய்ச் சொருகிக்கொண்டது. தாயம்மா வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்கடுத்த வாரம் மூங்கில் கொண்டுவந்தார்கள். மூன்று மூங்கிலை ஒன்றோடொன்று கட்டித் தூக்கி நிறுத்தினால், காற்றில் அது வில்லாக வளைந்தது. இரண்டாவது கட்டுக்கு மேலே முறிந்து, சுலைமானின் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. அன்று தாயம்மா கரை வரைக்கும் வந்திருந்தாள். முறிந்த மூங்கிலையும் அந்த இருவர் முகத்தையும் பார்த்தாள்.

“போதும் சார், உட்டுடு” என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவரும் விடுகிற மாதிரி தெரியவில்லை. பனையைச் சுற்றி நடந்து, காலடியால் தூரத்தை அளந்து, ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்.

ஆவணி பாதியாகி, காற்று தணிந்த பிறகு மூன்றாம் முறை வந்தார்கள். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் மெல்லிய இரும்புக் குழாய்கள் வந்து இறங்கின. ஒன்றுக்குள் ஒன்று சொருகி நீட்டும்படி சுலைமான் தன் கையால் செய்தவை. நுனிக் குழாயில் ஒரு கருக்கரிவாளைப் பற்றவைத்திருந்தார். உச்சியிலிருந்து நாலு பக்கமும் நாலு கயிறு. நாலு பேர் நாலு திசையில் இழுத்துப் பிடித்தால்தான் குழாய் நிமிர்ந்து நிற்கும். மீன்பாடி வண்டிக்காரர் ஒரு கயிற்றைப் பிடித்தார். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக் கஜபதி ஒன்றைப் பிடித்தான். சுலைமான் ஒன்று. நாலாவது கயிறு தரையில் கிடந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு தாயம்மா போய் அதை எடுத்தாள்.

“நீங்க வேணாம்மா...” என்றார் வீரராகவன்.

“நீ வேலைய பாரு சார்.”

குழாய் துண்டு துண்டாக நீண்டு மேலே போனது. வீரராகவன் அடியில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க அண்ணாந்தபடி, “பாய், கொஞ்சம் உங்க பக்கம்... தாயம்மா, தளர்த்துங்க... போதும், போதும்” என்று சொல்லிக்கொண்டே திருப்பினார். அரிவாள் இரண்டு தடவை மட்டையைத் தொட்டு நழுவியது. மூன்றாவது தடவை குழாய் ஒரேயடியாகச் சாய்ந்தது.

“இஸ்துப் புடிம்மா!” என்று சுலைமான் கத்தினார்.

கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. தாயம்மா காலை மண்ணில் ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்துப் பிடித்தாள். குழாய் நிமிர்ந்தது. அரிவாள் மட்டையின் அடியில் போய் மாட்டியது. வீரராகவன் இழுத்தார், விட்டு மறுபடி இழுத்தார். முறிகிற சத்தம் கேட்டது.

“நவுருங்க! நவுருங்க!”

காய்ந்த மட்டையும் ராக்கெட்டும் துணியுமாகச் சேர்ந்து கரையோரக் கோரைப்புல்லில் வந்து விழுந்தன.

யாரும் கிட்டே போகவில்லை. வீரராகவன் குழாயைப் பிடித்தபடியே நின்றார். தாயம்மாதான் போய், மட்டையை விலக்கி, அதைக் கையில் எடுத்தாள். இத்தனை நாளாகப் பாறாங்கல்லாட்டம் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த சாமான். கையில் எடுத்தால் ஒரு கரண்டி கனம்கூட இல்லை.

“இவ்ளோதானா?” என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. “இவ்ளோ லேசாவா கீது இது?”

கரையில் உட்கார்ந்து அதை மடியில் போட்டுக்கொண்டாள். மழையில் நனைந்து காகிதம் உரிந்திருந்தது. இறக்கை ஒன்று இல்லை. துணியின் விளிம்பில் ஆறு நூல்கள் கட்டியிருந்தன. சிக்கலைப் பிரிக்கிற மாதிரி விரல் தன்பாட்டுக்கு அந்த நூல்களில் ஓடியது. ஒரு முடிச்சில் வந்து நின்றது. இரண்டு சுற்றுச் சுற்றி, அடியில் விட்டு, திரும்ப ஒரு வளையம். அடுத்த நூலைப் பார்த்தாள். அதே முடிச்சு. ஆட்டைக் கட்டினாலும், கொடிக்கயிறு கட்டினாலும், அரிசி மூட்டையின் வாயைக் கட்டினாலும் வேம்புலி போடுகிற முடிச்சு. அவிழ்க்க வராமல் எத்தனையோ தடவை பல்லால் கடித்துக்கொண்டு அவனைத் திட்டியிருக்கிறாள்.

“சார், இது யாரு கட்னது?”

சுலைமான் வீரராகவனைப் பார்த்தார். “சொல்லு ராகவா. எவ்ளோ நாளு உள்ளாறயே வெச்சுகினு இருப்ப?”

“அவர் கட்டினதுதான்,” என்றார் வீரராகவன். “முடிச்சு மட்டுமில்ல. அந்த ராக்கெட்டே அவர் செஞ்சது. ரெண்டு மாசம், சாப்பாட்டு நேரத்துல ஷெட்டுக்குப் பின்னால உக்காந்து, குழாய் சுருட்டறதுலேருந்து எல்லாம் அவரே செஞ்சாரு. நான் கிட்ட போனா, ‘நீ தொடாத சார்’ம்பாரு.”

தாயம்மா மடியில் சுருண்டு கிடந்த துணியை விரித்தாள்.

“உங்களக் கூட்டிட்டு வந்து காட்டணும்னுதான் மொதல்ல சொன்னாரு. அப்புறம் அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒழுங்கா போவலன்னா தாயம்மா சிரிப்பா சார், இந்த வாரம் ஒருக்கா உட்டுப் பாத்துட்டு அடுத்த வாரம் இட்டாறேன்னாரு.”

“அன்னிக்கி ஊட்டாண்ட வந்து கேட்டனே. அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“எப்படிச் சொல்றது? அவரோட ராக்கெட், அவரே ஏறினாரு, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு ஆயிடும். பழிய செத்தவர் தலையில வெச்சிட்டு நான் தப்பிச்ச மாதிரி இருக்கும். அது எனக்கு வேணாம்.”

கஜபதியும் வண்டிக்காரரும் சத்தமில்லாமல் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தாயம்மா ராக்கெட்டின் உரிந்த காகிதத்தை விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தாள். அது ஒட்டவில்லை.

“மேல போச்சா?” என்று கேட்டாள்.

“எங்களோடது எதுவுமே அவ்வளவு உயரம் போனதில்ல.”

“கண்ணுக்கே தெரியல,” என்றார் சுலைமான். “அப்பால ஆரஞ்சா ஒரு பொட்டு மாதிரி துணி விரிஞ்சிது பாரு, இந்தக் கரை மேல நின்னுகினு அண்ணாத்த குதிச்ச குதி இருக்கே! ‘அட்ச்சேன் பாரு பாய், அட்ச்சேன் பாரு’ன்னு ஒரே கூவு. துண்டு ஒரு பக்கம் போச்சு, ஆளு ஒரு பக்கம் போனாரு.”

தாயம்மாவுக்கு அந்தக் குதி கண்ணில் தெரிந்தது. வாயோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பாதியில் அது வேறாகி, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். ஆண்கள் நால்வரும் ஏரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள்.

எழுந்தபோது ராக்கெட்டை அவரிடம் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

“இனிமே நான் இதைத் தொடப் போறதில்ல தாயம்மா,” என்றார் அவர்.

“அது உன் இஷ்டம் சார். உடறதுன்னா உடு. மரத்துல மாட்டிகிச்சின்னா இந்தக் கம்பிய வெச்சு இஸ்துக்க. எட்டலன்னா உட்டுட்டு ஊட்டுக்குப் போ. கீழ நின்னு பாத்துகினு மட்டும் இருக்காத.”

மூன்று வருஷம் அவர் எதையும் தொடவில்லை. தொண்ணூற்றிரண்டில் திரும்ப ஆரம்பித்தார் என்று அவளுக்கு சுலைமான் சொல்லித்தான் தெரியும். பட்டாபிராமுக்கு அந்தப் பக்கம் மரமில்லாத பொட்டலாகப் பார்த்து விடுகிறார்களாம். குழாயையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டுதான் போகிறார்களாம். ஒன்றே ஒன்று ஒரு ஆலமரத்தில் போய் மாட்டியதாம், எட்டவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு, இருவரும் நேராக சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்களாம்.

கேட்டுக்கொண்டிருந்த தாயம்மா, “திரும்பிப் பாத்தாரா?” என்றாள்.

“இல்லம்மா,” என்றார் சுலைமான். “ரோடு வர்ற வரிக்கும் பாக்கல.”

அவள் அவருக்கு டீ போட எழுந்தாள்.