அண்ணியின் திங்கட்கிழமைகள்

ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் பின்வருமாறு: ஃப்ரிட்ஜை ஒட்டிய நாற்காலியில் அண்ணி, அதாவது என் அண்ணன் மனைவி. அவருக்கு எதிரே ஜன்னல் பக்கம் என் மனைவி; வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். கதவு திறந்தால் முதுகில் இடிக்கும் இடத்தில், மடக்கு நாற்காலியில், சின்னவளின் தாய்மாமா. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தே ஓய்வு பெற்றவர் என்பதால் அவர் டிக்கெட் மாமா. மேசையின் நான்காவது பக்கம் சுவரோடு ஒட்டியிருந்ததால், விடுப்புக் கடிதம் எழுத வேண்டிய நான் அடுப்பு மேடையில் தாளை விரித்து நின்றுகொண்டிருந்தேன்.

வராதவர் என் அண்ணன். சரக்குக் கப்பலில் சமையல்காரர். கூடியதே அவருக்காகத்தான்.

அவருடைய கப்பல் அடுத்த மாதம் ஒரு ஞாயிறு துறைமுகத்துக்கு வருகிறது. அந்த வாரம் சனிக்கிழமையே கிளம்பிவிடும். பிறகு ஒரு வருடம் முகம் பார்க்க முடியாது. போன முறை வந்தபோது அண்ணிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அண்ணன் சலவை ஆலையின் கேட்டுக்கு வெளியே ஒரு சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து, தேநீர் இடைவேளையில் அண்ணி வெளியே வரும் பத்து நிமிடத்துக்காகக் காத்திருந்தார். வேலை கேட்டு வந்தவர் என்று நினைத்த காவலாளி, "ஆள் எடுக்கலைப்பா, போய்ட்டு வா" என்று தினமும் சொன்னாராம். அண்ணன் இதைச் சிரிப்பாகத்தான் சொன்னார். அண்ணி சிரிக்கவில்லை.

"இந்தத் தடவை அவரை அந்தக் கட்டையில உட்கார விடமாட்டேன் தம்பி. எனக்கு மூணு நாள் வேணும். திங்கள், செவ்வாய், புதன். அவ்வளவுதான். எழுதுங்க" என்றார் அண்ணி.

மூன்று நாள் ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டல் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கும் அந்த ஆலையில், மடிப்பு மேசையில் ஓர் இடம் காலியானபோது அண்ணியும் சின்னவளும் ஆளுக்குப் பாதியாக அதை எடுத்துக்கொண்டார்கள். வாரத்தின் முதல் மூன்று நாள் அண்ணி. வியாழன் முதல் சனி வரை சின்னவள். அந்த இடத்துக்கு ஒரே ஒரு பித்தளை வில்லைதான். உள்ளே போகும்போது பலகையில் இருக்கும் ஆணியில் அதை மாட்டவேண்டும். மாட்டியது எந்த ஓரகத்தி என்று வில்லைக்கும் தெரியாது, ஆபீசுக்கும் தெரியாது.

சிக்கல் என்னவென்றால், ஆபீசுக்குப் புதிதாக வந்த கணக்குப் பெண் போன வாரம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டாள். யாருக்கு எத்தனை நாள் விடுப்பு மிச்சம் என்ற சீட்டு. சின்னவள் சீட்டில் ஒன்பது. அண்ணி சீட்டில் பூஜ்யம்.

"பூஜ்யம்னா, அச்சுப் பிழையா இருக்கும்" என்றேன்.

"பிழை எல்லாம் இல்ல மாப்பிள்ளை, நான் விளக்குறேன்" என்று டிக்கெட் மாமா பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். "முழு நேரம் பார்க்கிறவனுக்கு வருஷத்துக்கு இருபத்தெட்டு. பொது விடுமுறையும் அதுக்குள்ள அடக்கம். பாதி நேரம்னா பாதி, பதினாலு. சரியா?"

பொட்டலத்தில் பன்னிரண்டுதான் இருந்தன. குறைக்கு இரண்டு பூண்டுப் பல்லை வைத்துவிட்டு அண்ணி பக்கம் திரும்பினார்.

"மணிக்கட்டு வீங்கினப்ப நீ ஆறு நாள் எடுத்தே." ஆறு பிஸ்கட்டைத் தள்ளிவைத்தவர், அவற்றில் ஒன்றைத் தின்றார். "மிச்சம் எட்டு. பூஜ்யம் எப்படி வரும்?"

"அதைத்தானே நாங்க கேட்கிறோம்" என்றாள் சின்னவள்.

மாமா இன்னொன்றையும் தின்றார். "யோசிக்கிறேன்ல."

"மாமா, நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அக்கா லீவு பூரா உங்க வயித்துக்குள்ள போயிடும்" என்றாள் சின்னவள்.

"சரி, நான் என் லீவுல மூணை அக்காவுக்குத் தர்றேன்னு எழுதுங்களேன்" என்று என் பக்கம் திரும்பினாள்.

எழுதினேன். பிறகு அடித்தேன்; சீட்டின் பின்புறம் பொடி எழுத்தில், ஒருவர் விடுப்பை மற்றவருக்கு மாற்ற இயலாது என்று இருந்தது. அண்ணிக்குப் பூஜ்யம் எந்த விதிப்படி என்று கேட்டு எழுதினேன். மாமா அது மரியாதைக் குறைவு என்றார். மரியாதையாக எழுதினேன், என்ன கேட்கிறோம் என்பது எனக்கே விளங்கவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், கடிதத்துக்கு முதலில் பொருள் எழுத வேண்டும், பொருள் தெரியாமல் பேனாவைத் தொடாதே என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பேனாவை மூடினேன்.

மறுநாள் திங்கள், அண்ணியின் வேலை நாள். என் வேலை பிற்பகலில்தான் என்பதால், உணவு இடைவேளையில் ஆலைக்குப் போய் அண்ணியோடு கணக்குப் பெண்ணைப் பார்த்தேன். ஆபீஸ் அறை நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்ததால் சுவரில் நாட்காட்டி அலையலையாகச் சுருண்டிருந்தது. அந்தப் பெண் எழுந்து எங்களுக்கு நாற்காலி போட்டாள். கோபப்படலாம் என்று தயாராக வந்திருந்த எனக்கு அது ஓர் ஏமாற்றம்.

"மேடம், வருஷம் தொடங்கும்போதே உங்க கணக்குல எட்டு நாள் கழிச்சிருக்கோம்" என்றாள். "இந்த வருஷம் பொது விடுமுறை எட்டையும் ஆலை திங்கள்லதான் விடுது. ஆலை மூடியிருக்கும். திங்கள் உங்க வேலை நாள். அதனால அது உங்க லீவுலயே போகுது."

"நான் கேட்கலையே அந்த லீவை? நீங்கதானே பூட்டுறீங்க?" என்றார் அண்ணி.

"ஆமா. ஆனா சம்பளம் உண்டே."

"அப்ப சின்னவளுக்கு ஏன் கழிக்கல?"

"அவங்களுக்குத் திங்கள் வேலையே இல்லையே. விடுமுறை அவங்களைத் தொடாது. அதனால அந்த எட்டும் அவங்களுக்கு விருப்பப்பட்ட நாளா கையில இருக்கு. உங்களுக்கு எட்டு நாளை நாங்க குறிச்சுட்டோம், அவங்களுக்கு அவங்களே குறிப்பாங்க. ரெண்டு பேருக்கும் பதினாலுதான். யாருக்கும் கூடவும் இல்ல, குறையவும் இல்ல." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "இதை முன்னாடியே உங்ககிட்ட யாராவது சொல்லியிருக்கணும்" என்றாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எட்டுத் திங்கள் வீட்டில் இருப்பவருக்கு விடுப்பு இல்லை; ஒரு விடுமுறையும் கிடைக்காதவளுக்கு நிறைய விடுப்பு. ஆனால் இருவருக்கும் சமம். ஒவ்வொரு வாக்கியமும் சரியாகத்தான் இருந்தது. சேர்த்துப் பார்த்தால்தான் தலை சுற்றியது.

அண்ணி சுருண்ட நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே வந்து, கேட்டைத் தாண்டி, அந்தச் சிமெண்ட் கட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"தம்பி, அப்ப நான் சனிக்கிழமை எதுக்கு வந்தேன்?"

அப்போதுதான் எனக்கும் அது நினைவுக்கு வந்தது.

இந்த வருடத்தின் முதல் விடுமுறைத் திங்கள் வந்தபோது சின்னவள் வாய்விட்டே சொல்லியிருந்தாள்: "எல்லா விடுமுறையும் அக்கா பக்கமே போய் விழுது. எனக்கு ஒரு நாளாவது வரக்கூடாதா?" அண்ணிக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. யாருக்கும் எதிலும் பாக்கி வைக்காத ஆள் அவர். இரவல் வாங்கிய பாத்திரத்தைக்கூட வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார். "எனக்கு மட்டும் சும்மா ஒரு நாளா? வேணாம். அந்த வாரம் சனிக்கிழமை உனக்குப் பதிலா நான் போறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். ஆலை திங்களன்று மூடிய வாரங்களில் எல்லாம், சனிக்கிழமை வில்லையை ஆணியில் மாட்டியது அண்ணிதான். இதுவரை அப்படி ஐந்து வாரம். ஆபீஸ் ஒரு பக்கம் சமப்படுத்தியிருக்கிறது. தெரியாமல் இவர்கள் இன்னொரு பக்கமும் சமப்படுத்தியிருக்கிறார்கள். ஒரே திங்களுக்கு அண்ணி இரண்டு முறை ஈடு கொடுத்திருக்கிறார்.

"சொல்லாதீங்க தம்பி அவகிட்ட. மனசு கஷ்டப்படும்" என்றார்.

நான் சொல்லவில்லை. அன்றிரவு டிக்கெட் மாமாதான் சொன்னார். கணக்குப் பெண் சொன்னதை மட்டும் நான் வரிசையாக எடுத்துச் சொல்ல, அவர் புதுப் பொட்டலத்தைப் பிரித்து அண்ணியின் தட்டில் பிஸ்கட் வைத்தார், ஆறையும் எட்டையும் கழித்தார். பிறகு, "இரு, இரு, சனிக்கிழமை இருக்குல்ல?" என்று, அண்ணியின் வெறும் தட்டைப் பார்த்தார். எடுத்து வைக்க ஒரு பிஸ்கட்டும் அங்கே இல்லை. கை அந்தரத்தில் நின்றது.

"இல்லாத இடத்துல இருந்து அந்தச் சனிக்கிழமையை எப்படி எடுத்தே?" என்று சின்னவளைக் கேட்டார். முதல் முறையாக அவர் பிஸ்கட்டைத் தின்ன மறந்தார்.

சின்னவள் முதலில் சண்டைக்குத்தான் வந்தாள். "நானா கேட்டேன்? அக்காதான் போறேன்னாங்க. இப்ப நான் பறிச்ச மாதிரி பேசுறீங்க!"

"யாரும் அப்படிச் சொல்லலை" என்றார் அண்ணி.

"நீங்க சொல்லாம இருக்கிறதுதான்க்கா எனக்குக் கஷ்டமா இருக்கு."

பிறகு அவள் ஜன்னல் திரைச்சீலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்டது. அப்படிக் கிடைத்த ஒரு சனிக்கிழமையில்தான் நாங்கள் இருவரும் கடைத்தெருவெல்லாம் சுற்றி அதை வாங்கி, திரும்பும் வழியில் மதியக் காட்சி சினிமாவும் பார்த்தோம். வீட்டுக்கு வந்தபோது அண்ணி படிக்கட்டில் உட்கார்ந்து மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அது எந்த வாரம் என்று நான் யோசிக்கவே இல்லை.

சின்னவள் எழுந்து, அடுப்பு மேடையில் இருந்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். எனக்குத் தன் நாற்காலியையும் தந்தாள்.

"எழுதுங்க. லீவு வேண்டாம்னு எழுதுங்க. அந்த வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளும் அக்கா இடத்துல நான் வர்றேன். அப்புறம் என் மூணு நாளும் நான்தான். ஆறு நாளும் வில்லை ஆணியில தொங்கும்."

"ஆறு நாளும் நின்னு மடிப்பியா? உன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றார் அண்ணி.

"மாமா என் பிஸ்கட்டைத் தின்னாம இருந்தா தெம்பு வரும்."

"ஏன் மாத்துறோம்னு காரணம் கேட்டா?" என்று நான் கேட்டேன்.

"சொந்தக் காரியம்னு போடுங்க மாப்பிள்ளை. சனிக்கிழமைச் சமாச்சாரத்தை மூச்சு விடாதீங்க" என்றார் மாமா. "கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பும். வில்லையை வேற ஆள் மாட்டினதுக்கு ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினா?"

அது நியாயமான பயம்தான். அண்ணிதான் முடிவு செய்தார்.

"எழுதிடுங்க தம்பி. அந்தப் பொண்ணு எனக்கு நாற்காலி போட்டுச்சு. அதுகிட்ட நான் ஒளிக்க மாட்டேன்."

எழுதினேன். பொருள்: ஒரு வாரத்துக்கு மட்டும் வேலை நாள் மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டுதல். அண்ணன் வரும் கப்பல், அது நிற்கும் நாட்கள், சின்னவள் பார்க்கப்போகும் மூன்று நாள், எல்லாம் ஒழுங்காக அமைந்தது. சனிக்கிழமைகளையும் எழுதினேன்: எங்களுக்குள் சமமாக இருக்கவேண்டும் என்று நினைத்துத் தவறாகப் புரிந்துகொண்டு அப்படிச் செய்தோம், இடம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். வாசித்துக் காட்டியபோது அண்ணி கை காட்டினார்.

"இருங்க. அஞ்சு சனி நான் போனேன். இவ எனக்காக மூணு நாள் வர்றா. அப்ப மிச்சம் ரெண்டு நாள் யாரு யாருக்குத் தரணும்?"

"நான்தான் உங்களுக்கு" என்றாள் சின்னவள்.

"அது எப்படி? திங்கள் நான் வீட்டுல இருந்தேனே."

"அதான் கழிச்சுட்டாங்களே அக்கா!"

"கழிச்சாலும் இருந்தேன்ல?"

டிக்கெட் மாமா பூண்டுப் பல்லைத் தேடினார். நான் வேண்டாம் என்று கும்பிட்டேன். கணக்குப் பெண் சொன்னதை மனத்தில் மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். பாதி வழிவரை தெளிவாக இருந்தது, பிறகு பழையபடி குழம்பியது. அடுத்த விடுமுறைத் திங்கள் வந்தால் அந்தச் சனிக்கிழமை யார் போவது என்று கேட்டேன். மூன்று பேரும் மூன்று பதில் சொன்னார்கள்.

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: மீதமுள்ள திங்கட்கிழமைகளில் நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும், தயவுசெய்து எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து விளக்கவும்.

அண்ணி கையெழுத்திட்டார். கீழே சின்னவள். பேனாவைக் கொடுக்கும்போது அண்ணி, "ஒருவேளை இல்லைன்னுட்டா?" என்று கேட்டார்.

"இல்லைன்னா நான் போய் அந்தக் கட்டையில மச்சானுக்குப் பக்கத்துல உட்காருறேன். காவலாளி ரெண்டு பேரையும் விரட்டட்டும்" என்றாள் சின்னவள். அண்ணி அப்போதுதான் சிரித்தார். கப்பலுக்குக் கையசைக்கும்போது சிரிப்பதுபோல, உதடு மூடியபடி.

தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். ஒட்டும் பசை காய்ந்திருந்ததால் மாமா செல்லோடேப் கிழித்துக் கொடுத்தார், பல்லால். தபாலில் போட்டால் நாளாகும் என்று சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். நானும் கூடப் போனேன். ஆலை மூடியிருந்தது; ஆபீஸ் கதவில் கடிதம் போடும் சின்ன இடுக்கு. அவள் உறையை அதில் பாதி நுழைத்து, ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"திங்கள், செவ்வாய், புதன்னு தெளிவா போட்டிருக்கீங்கல்ல?"

"போட்டிருக்கேன்."

விட்டாள். உள்ளே தரையில் அது விழும் சத்தம் கேட்டது.