பின்வரிசைப் பெட்டிகள்

அன்று மைதானத்தில் எங்கள் தரப்பில் இருந்தவர்கள்: குடும்பத்தின் ஒலிபெருக்கித் தொழிலை நடத்தும் நான், வயர் இழுக்கும் என் தம்பி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் உட்காரும் அவன் மனைவி, வாய் ஓயாததால் ‘வானொலி’ என்று பேர் வாங்கிய என் கணவர். எதிர்த்தரப்பில் பந்தல்காரர் ஒருவர்தான். தம்பி மகளை அவர் மகனுக்குக் கொடுத்து அதிக நாள் ஆகவில்லை. ஆகவே அவர் எங்களுக்குச் சம்பந்தி. வேறு யாராவது எங்கள் கூடவே நின்றதாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

கல்லூரிப் பட்டமளிப்பு விழா. நீளமான மைதானம். மேடைக்கு இரு பக்கமும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள். பெற்றோர் உட்காரும் பின்பகுதிக்கு முன்னால், ஆள் உயரக் கம்பங்களில் இரண்டு.

வயரில் மின்சாரம் கண் இமைப்பதற்குள் ஓடிவிடும். காற்றில் ஒலி அப்படி ஓடாது. மேடையிலிருந்து கம்பம் வரை வர அதற்குக் கால் விநாடி ஆகும். அப்படியே விட்டால் பின்னால் இருப்பவர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை கேட்பார். பேசுகிறவர் குடித்துவிட்டு மேடை ஏறியது போலிருக்கும். அதனால் கம்பத்துப் பெட்டிகளைக் கால் விநாடி தாமதப்படுத்துவோம். இது எல்லோரும் செய்வதுதான். என் தம்பி மனைவி அதற்கு மேல் ஓர் இம்மி கூட்டி வைப்பாள். மேடை ஒலி முதலில் மெலிதாக வந்து சேரும். கம்பத்து ஒலி அதன் காலை மிதிப்பது போலப் பின்னாலேயே, பலமாக வரும். காது இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, முதலில் வந்ததன் திசையையே நம்பிவிடும். பேச்சு முழுக்க மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும்.

எங்கள் பின்பெட்டியை யாரும் கவனிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதில் எரியும் சின்ன விளக்கின் மேல்கூடக் கறுப்பு டேப் ஒட்டிவிடுவோம்.

கல்லூரி முதல்வர் வரவேற்றுப் பேசிக்கொண்டிருந்தார். கடைசி வரிசைக்குப் பக்கத்தில்தான் எங்கள் மிக்சர் மேசை. சம்பந்தி அங்கே வந்து நின்றார்.

“பின்னாடி பெட்டி ரெண்டும் செத்துக் கெடக்கு. விளக்கும் இல்ல, சத்தமும் இல்ல. காலேஜுக்கு நாலு பெட்டின்னு என்னை வாக்குக் குடுக்க வச்சிட்டு ரெண்டுல ஓட்டுறீங்களே.”

கடைசி வரிசையில் தலைகள் திரும்பின.

“மெதுவா பேசுங்க சம்பந்தி,” என்றான் தம்பி.

“உங்க பெட்டியவிடவா மெதுவா பேசணும்?”

என் கணவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “செத்துப் போச்சுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? நாடி புடிச்சுப் பாத்தீங்களா?”

“கிண்டல் வேறயா. வீட்டுல போய் சொல்றேன், இருங்க.”

வீடு என்றால் எங்கள் பெண் வாழும் வீடு. அவள் சாப்பிட உட்காரும் ஒவ்வொரு வேளையும் அங்கே யாராவது ‘நாலு சொல்லி ரெண்டு வைக்கிற குடும்பம்’ என்பார்கள். தம்பி மனைவியின் முகம் வெளுத்தது. கை மட்டும் மிக்சரை விட்டு நகரவில்லை.

தம்பி பின்பெட்டிகளை நிறுத்தும் பட்டனுக்குக் கை நீட்டினான். “அக்கா, ஒரு நிமிஷம் நிறுத்திக் காட்டிடறேன். சத்தம் படுத்தா தானா தெரிஞ்சிடும்.”

“கையை எடு. பிள்ளைங்க பேரை வாசிக்கப் போறாங்க. நம்ம மானத்துக்காக யார் பெத்த பிள்ளை பேரோ காத்துல போகணுமா?”

எங்கள் மானம் பெரியதுதான். அதைக் காப்பாற்ற வேலையில் குறை வைத்தால், அப்புறம் காப்பாற்ற என்ன மிச்சம்?

“வாங்க சம்பந்தி,” என்று அவரைக் கம்பத்துக்குக் கூட்டிப்போனேன். “பெட்டி முதுகுல கை வைங்க.”

உள்ளங்கையை வைத்தார். மேடையில் முதல் பெயர் வாசிக்கப்பட்டது. சட்டென்று கையை எடுத்தார். பெட்டியைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். மறுபடியும் வைத்தார்.

“துடிக்குதுக்கா.”

“துடிக்கும்.”

“அப்ப என் காதுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. காது முதல்ல வந்தவன் பேச்சைத்தான் நம்பும். உங்க சம்பந்தியம்மா அது தெரிஞ்சுதான் மேடையை முன்னாடி விடறா.”

அவர் குரல் இறங்கியது. “சரி, விடுங்கக்கா. வீட்டுல ஒண்ணும் சொல்லல.”

“சொல்லணும். நாலும் ஓடிச்சுன்னு சொல்லணும். அதுக்கு முன்னாடி, குத்தம் சொன்ன இடத்துலயே வந்து சொல்லுங்க.”

வந்தார். அந்த மட்டில் அவரும் மானம் உள்ளவர்தான். தம்பி மனைவியின் எதிரில் நின்று, “சம்பந்தியம்மா, பெட்டி ஓடுது. நான்தான் அவசரப்பட்டுட்டேன்,” என்றார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, “நாலு பெட்டியும் ஓடுதுங்க,” என்றார்.

அங்கிருந்த ஒரு தகப்பனார் கம்பத்தை ஏறிட்டுப் பார்த்தார். “எங்க ஓடுது? சத்தம் மேடையிலேருந்துல்ல வருது. போங்க சார், மறைக்காதீங்க.”

தம்பி மனைவி அப்போதுதான் சிரித்தாள். அன்று அந்த மேடையில் கொடுக்கப்பட்ட எந்தப் பட்டமும் அந்த மனிதர் சொன்னதற்கு ஈடில்லை.

சம்பந்தி வீட்டில் உள்ளபடியே சொல்லிவிட்டார். எங்கள் பெண்ணே போனில் சொன்னாள்.

கடைசி வரிசைக்காரர்கள்தான் ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள். இரண்டே பெட்டியில் மைதானத்தை நிறைத்த குடும்பம் என்று எங்களைப் புகழ்கிறார்களாம். புகழ்ச்சியானாலும் அது தவறு. பெட்டிகள் நான்கு. நான்கும் ஓடின.