யதிராஜனின் அபிப்பிராயம்

யதிராஜனுக்கு எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. பாட்டு என்றால் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. சினிமாப் பாட்டு கல்யாணச் சாப்பாடு மாதிரி, பாதி இலையிலேயே வீணாகும் என்பான். ஐம்பது வயலின் எதற்கு, ஒரு கீபோர்டும் களைத்துப்போகாத மெஷின் தாளமும் இருந்தால் மிச்சத்தைப் பாடுகிறவனின் தைரியம் பார்த்துக்கொள்ளும் என்பான். திருப்பதியில் ஒரு கல்லூரி நூலகத்தில் அவன் குமாஸ்தா. பெருமாள் சந்நிதியில் பாசுரம் சேவிக்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு எலெக்ட்ரானிக் சத்தத்துக்குத் தலையாட்டுகிறானே என்று வீட்டில் வருத்தப்பட்டு ஓய்ந்துவிட்டார்கள். சினிமாவை நம்பாமல் தாங்களே மெட்டுக் கட்டி, தாங்களே காசெட்டில் பதிகிற சின்னச் சின்னக் குழுக்களைப் பற்றி மாதம் நான்கு பக்கம் எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்து எண்பது பேருக்குத் தபாலில் அனுப்புவான். அந்த நான்கு பக்கத்துக்குப் பெயர் 'புதுச் சத்தம்'. இவ்வளவு எழுதியவன் கீபோர்டை ஒருநாளும் விரலால் தொட்டதில்லை.

தொட்டது 1987 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். காந்தி ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த கடையில் ஒரு ஜப்பான் கீபோர்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதுவே வாசிக்கும் என்று தெலுங்கில் சொல்லிக் கடைக்காரர் ஓரத்துப் பொத்தான் ஒன்றை அமுக்கினார். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் கம்பெனியே உள்ளே வைத்து அனுப்பிய மெட்டாம்.

நாலு சுரம் போவதற்குள் யதிராஜன் கையை எடுத்துக்கொண்டான். அது எர்னஸ்டின் பாட்டு. வார்த்தைகள் மட்டும்தான் இல்லை.

எர்னஸ்ட் சித்தூர் மிஷன் காம்பவுண்டைச் சேர்ந்த இருபத்துநாலு வயதுப் பையன். குவைத்திலிருந்து சித்தப்பா கொண்டுவந்த கீபோர்டை வைத்துக்கொண்டு, பெரியப்பா மகள் லோயிஸையும் சேர்த்து ஒரு குழு நடத்தினான். ஆறு பாட்டுகளைப் பதிந்து, அபிப்பிராயம் கேட்டு யதிராஜனுக்கு அனுப்பியிருந்தான். போன மாத இதழில் முதல் பாட்டை யதிராஜன் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தான். 'நம் மாவட்டத்தில் பிறந்த முதல் புது மெட்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். பிறந்தது ஜப்பானில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் என்பது இப்போதுதான் தெரிந்தது.

கடைசிப் பாட்டு லோயிஸுடையது. அவள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறவள். வகுப்பில் முப்பது மெஷின்கள் தட்டுகிற சத்தத்தை டேப்பில் பிடித்து, அதன்மேல் கீபோர்டு வாசித்திருந்தாள். அதை ஒரே வரியில் முடித்திருந்தான்: 'டைப் அடிக்கிற சத்தத்தைப் பாட்டென்று கொடுக்கலாம் என்று இந்தப் பெண்ணுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.' அந்த வரி தனக்கே பிடித்துப்போய், நூலகத்தில் இரண்டு பேருக்கு வாசித்துக்கூடக் காட்டினான்.

அன்றைக்கு மாலை நாலு மணிக்கு மெட்ராஸிலிருந்து கோவர்த்தனன் என்ற காசெட் கம்பெனிக்காரர் சித்தூருக்கு வருகிறார். 'புதுச் சத்தம்' படித்துவிட்டுத்தான் வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் குழுவின் பெயரில் ஐநூறு காசெட்டுகள் வெளிவரும். பிறகு எந்த ஊரிலாவது எந்தக் கடைக்காரராவது ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், எர்னஸ்ட் திருடன், யதிராஜன் முட்டாள். அவன் பஸ் நிலையத்துக்கு ஓடினான்.

சந்திரகிரி தாண்டும்போது, தான் புகழ்ந்த மெட்டை முணுமுணுத்துப் பார்த்தான். எட்டு தாளத்துக்கு மேல் வரவில்லை. கூப்பிடாமலே வந்தது அந்த டைப்ரைட்டர்தான். முப்பது மெஷினும் ஒன்றாகத் தொடங்கும். ஒவ்வொன்றாகப் பிந்தும், சிதறும், வரியின் முடிவில் அங்கங்கே மணி அடிக்கும், பிறகு எப்படியோ ஒன்றுசேரும். அந்தச் சேர்கிற இடத்தில் அவள் இரண்டே சுரத்தை வைத்திருந்தாள். மூன்று வாரமாக அது தனக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்பதை யதிராஜன் பாகாலா வருவதற்குள் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. இப்படி ஒன்று வராதா என்றுதான் பத்து வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தான். வந்ததை அவனே வாசலோடு விரட்டிவிட்டான்.

சித்தூரில் மிஷன் காம்பவுண்டின் சபை மண்டபத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எர்னஸ்டைத் தனியாக அழைத்துப்போய், கடையில் கேட்டதைச் சொன்னான். பையன் திடுக்கிடவில்லை.

"தெரியும் சார். மெஷின எடுத்துக்கினு வந்த அன்னிக்கே அமுக்கிப் பாத்துட்டேன்."

சும்மா வார்த்தை போட்டுப் பார்ப்போமே என்றுதான் பாடினானாம். அனுப்பும்போது எடுத்துவிட நினைத்தானாம், ஆனால் ஆறு பாட்டுக்கு ஒன்று குறைந்தது. யதிராஜன் கண்டுபிடித்துத் திட்டி எழுதுவான், அத்தோடு விட்டுவிடலாம் என்றிருந்தானாம்.

"நீங்க அப்படி எழுதிட்டீங்க. எங்க நைனா அத ஃபிரேம் போட்டு மாட்டி வெச்சிக்கினு வர்றவங்களுக்கெல்லாம் காட்டறாரு. இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருங்க சார்."

யதிராஜன் பதில் சொல்வதற்குள் கோவர்த்தனனின் கார் வந்துவிட்டது.

நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் எர்னஸ்டின் அப்பா கிருபானந்தம். பின்னால் ஜன்னலோரம் லோயிஸ். எர்னஸ்ட் அந்தப் பாட்டைப் பாடினான். குரல் நடுங்கியது, ஆனால் அதைக் கூச்சம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கோவர்த்தனன் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் பையிலிருந்து காசெட் அட்டையின் மாதிரியை எடுத்து யதிராஜனிடம் நீட்டினார். மேலே குழுவின் பெயர். கீழே 'நம் மாவட்டத்தில் பிறந்த முதல் புது மெட்டு', அதற்கும் கீழே 'யதிராஜன், புதுச் சத்தம்'. அந்த வரியைப் போட்டுக்கொள்ளச் சம்மதம் என்று ஓரத்தில் ஒரு கையெழுத்து வேண்டுமாம்.

அவன் பெயர் அதுவரை அச்சில் வந்ததில்லை. எழுத்து அழகாக இருந்தது. பேனாவை வாங்கி மூடியைத் திறந்தும் விட்டான். எர்னஸ்ட் கீபோர்டுக்குப் பின்னால் நின்று அவனையே பார்த்தான். கிருபானந்தம் சிரித்த முகத்தோடு இருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் யதிராஜனுக்கு முதலில் தோன்றியது. இரண்டாவதும் அதுவேதான் தோன்றியது. ஆனால் அட்டையில் இருந்தது அவனுடைய வரி. அது பொய் என்று அவனுக்குத் தெரியும்.

"இந்த வரி தப்பு சார். நான்தான் தெரியாம எழுதிட்டேன். இந்த மெட்டு மெஷின்லயே இருக்கு."

கிருபானந்தத்துக்குப் புரியவில்லை, பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். கோவர்த்தனன் எர்னஸ்டைப் பார்த்தார். மறுத்திருந்தால் தகராறாகியிருக்கும். ஆனால் எர்னஸ்ட் குனிந்து ஓரத்துப் பொத்தானை அவனே அமுக்கினான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். மெஷின் தானாக வாசித்தது. முழுக்க ஒன்றரை நிமிஷம். அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது முடியும்போது கிருபானந்தம் வெளியே போய்விட்டிருந்தார்.

கோவர்த்தனன் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். நல்ல மனிதர்தான், கத்தவில்லை. சொந்தமாக வேறு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

யதிராஜன் முந்திக்கொண்டான். இருக்கிறது, அதுதான் உண்மையான புதுச் சத்தம், அதைத் தாழ்த்தி எழுதியது தான் செய்த பெரிய தப்பு, ஒரே ஒரு தடவை கேளுங்கள் என்று படபடவென்று சொன்னான். கோவர்த்தனன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

லோயிஸ் எழுந்து நின்றாள்.

"அது இல்ல சார். அழிச்சிட்டேன்."

ஆறு பாட்டும் இருந்தது ஒரே டேப்பில்தான். யதிராஜன் எழுதி முடித்ததும் அதை எர்னஸ்டுக்கே திருப்பி அனுப்பியிருந்தான். இதழ் தபாலில் வந்த அன்றே, தன் பாட்டு இருந்த இடத்தில் அவள் மாணவர்களுக்கான டிக்டேஷனைப் பதிந்துவிட்டாளாம். வகுப்புச் சத்தம் பிடித்த டேப்பையும் விடவில்லையாம். கோவர்த்தனன் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். கார் கிளம்பியது. எர்னஸ்ட் கீபோர்டுக்குத் துணியைப் போட்டு மூடிவிட்டு, யதிராஜனைப் பார்க்காமலே நைனாவைத் தேடிப்போனான். நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார்கள்.

யதிராஜன் லோயிஸிடம் போனான். எதற்காக அழித்தாய் என்று கேட்டான்.

"பாட்டு கேட்டுக் கேட்டுப் பழகினவரு நீங்க. எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சிக்கினேன்."

இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, முப்பது மெஷினும் இருக்கிறது, மறுபடி செய், அது அற்புதமான பாட்டு, சத்தியமாகச் சொல்கிறேன் என்றான். அவள் கையிலிருந்த நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்தாள்.

"அன்னிக்குப் பாட்டே இல்லன்னீங்க. இன்னிக்கு நல்லாருக்குன்றீங்க. எத சார் நம்பறது?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.