சதுரமும் சமசதுரமும்

மூன்றாவது கேள்விக்குப் பூமாரிக்குப் பூஜ்யம் விழுந்திருந்தது. 'ஒரு சதுரம் வரைக' என்பதுதான் கேள்வி. நான்கு பக்கமும் சரிசமமாக வரவேண்டும் என்று ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி, இரண்டு தரம் அழித்து வரைந்திருந்தாள். அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

பூமாரிக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஊர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. சென்ட்ரிங் வேலை செய்யும் சொரிமுத்துவைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தவள், இப்போது கழக்கூட்டத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலின் சமையலறையில் வேலை பார்க்கிறாள். மலையாளம் பேசுவது தானாக வந்தது. படிப்பதற்கு பஸ் போர்டுகளையும் கடைப் பலகைகளையும் பார்த்துப் பழகிக்கொண்டாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு ஏழாம் வகுப்புப் பாடம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் யாரிடமும் யோசனை கேட்காமல் போய்ச் சேர்ந்தாள். எங்கே போனாலும் 'அஞ்சாவது வரைக்கும்' என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

"டீச்சரே, இது எப்படித் தெற்றாச்சு?" என்று தாளைத் தூக்கிக் காட்டினாள்.

ஷைலஜா டீச்சர் எட்டிப் பார்த்தார். "இது சமசதுரமல்லே பூமாரி? நான் கேட்டது சதுரம்."

"சேச்சி கேரம் போர்டு வரச்சதாணு டீச்சரே!" என்றான் பின்பெஞ்சில் இருந்த ஆட்டோக்காரன் சுஜித். வகுப்பு சிரித்தது.

பூமாரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. டீச்சர் போர்டில் இரண்டு படம் போட்டுக் காட்டினார். ஊரில் செவ்வகம் என்று படித்ததற்கு இங்கே சதுரம் என்று பேர். ஊரில் சதுரம் என்று படித்ததற்கு இங்கே சமசதுரம். ஒரே வார்த்தை, மலை தாண்டி வந்ததும் வேறொரு படத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. முகம் சுட்டது. மலையாளத்தில் பரீட்சை எழுத வந்தவள் அவர்கள் வைத்த பேரைத்தானே படித்திருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதே நினைப்பு. பழைய பேர்களை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாகப் படித்தாள். பலகோணம் இங்கே பகுபுஜம். ஐங்கோணம் பஞ்சபுஜம், அறுகோணம் ஷட்புஜம். நம் ஆட்கள் மூலையை எண்ணிப் பேர் வைத்திருக்கிறார்கள், இவர்கள் பக்கத்தை எண்ணுகிறார்கள் என்பது பிடிபட்டதும் பாதிப் பாரம் இறங்கியது. பஸ் ஸ்டாப்பிலிருந்து ஹாஸ்டல் வரை நடைபாதையில் ஆறு பக்கக் கற்கள் பதித்திருந்தார்கள். அவற்றைப் பார்த்து "ஷட்புஜம், ஷட்புஜம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

"ஏட்டி, ரோட்டப் பாத்து என்ன மந்திரம் ஓதுத?" என்றான் கூட வந்த சொரிமுத்து.

"பாடம் படிக்கேன். பேசாம வாரும்."

மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒருநாள் பாடப்புத்தகத்தைத் திறந்தாள். சதுரம் என்றால் என்ன என்று அதில் ஒரே வரியில் போட்டிருந்தது. 'எல்லா கோணுகளும் மட்டமாய சதுர்புஜமாணு சதுரம்.' நான்கு பக்கம் இருக்கவேண்டும், நான்கு மூலையும் மட்டமாக, அதாவது செங்கோணமாக, இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

பூமாரி மேலே படிக்கப் போனவள் நின்றாள். திரும்பவும் அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். பூஜ்யம் வாங்கிய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அவள் போட்ட படத்துக்கு நான்கு பக்கம் இருந்தது. நான்கு மூலையும் மட்டமாகத்தான் இருந்தன. ஒரு பக்கம் நீளமாகவும் இன்னொன்று குட்டையாகவும் இருக்கவேண்டும் என்று அந்த வரியில் எங்கே இருக்கிறது? முன்பக்கம் புரட்டினாள், பின்பக்கம் புரட்டினாள். எங்கேயும் இல்லை.

அப்படியானால் பூஜ்யம் தப்பு. அவள் அர்த்தம் தெரியாமல்தான் வரைந்தாள். ஆனால் வரைந்தது சரி.

வீட்டில் சொன்னபோது சொரிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு மார்க்குக்கா இந்தப் பாடு? டீச்சர்கிட்ட மல்லுக்கு நின்னா நாளைக்கு ஒன்னப் பாஸாக்குவாகளா?"

"மார்க்கு கெடக்கட்டும். புஸ்தகத்துல ஒண்ணு இருக்கு, போர்டுல ஒண்ணு இருக்கு. எது சரின்னு எனக்குத் தெரியணும்லா."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சா அடுத்ததப் படிப்பேன். தெரியாம எப்படித் தாண்டிப் போக?"

அடுத்த ஞாயிறு, டீச்சர் உள்ளே வந்து சாக்பீஸை எடுப்பதற்குள் பூமாரி எழுந்துவிட்டாள்.

"டீச்சரே, ஒரு சம்சயம். சமசதுரமும் சதுரம்தானே?"

"அல்ல. அது வேற, இது வேற. போன ஆழ்ச்சை சொன்னேனே."

"புஸ்தகத்துல மூலை மட்டமாயிருந்தாப் போதும்னு போட்டிருக்கே."

டீச்சர் கொஞ்சம் எரிச்சலோடு புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "பாக்கியெல்லாம் நாமே மனசிலாக்கிக்கணும் பூமாரி. அடுத்த ஆழ்ச்சை பேசலாம். இன்னிக்கு வட்டம் எடுக்கணும்."

பூமாரி உட்காரவில்லை. "இப்பவே பார்த்திரலாம் டீச்சரே. அஞ்சு நிமிஷம் போதும்."

சுஜித் எழுந்தான். "சேச்சி, சதுரத்துக்கு நீளம் கூடுதல், அகலம் குறைவு. அது எல்லாருக்கும் தெரியுமல்லோ. என் ஆட்டோவப் பாத்து யாராவது லாரின்னு சொல்லுமோ?"

"லாரின்னு சொல்லமாட்டோம். வண்டின்னு சொல்லுவோம்லா?" என்று சொல்லிக்கொண்டே பூமாரி போர்டுக்குப் போனாள். அனுமதி கேட்கவில்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பிப் போகவும் மனசில்லை. ஷைலஜா டீச்சர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, சாக்பீஸை நீட்டினார்.

பூமாரி நீளமாக ஒரு படம் போட்டாள். "இது சதுரம்தானே?"

"ஆணு, சதுரம்தான்" என்றான் சுஜித்.

வலது ஓரத்துக் கோட்டை அழித்து, கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டாள். "இப்போ?"

"இப்பவும் சதுரம்."

இன்னும் உள்ளே தள்ளினாள். இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் வகுப்பே சேர்ந்து 'சதுரம்' என்றது. கடைசியில் உயரத்தைவிட அகலம் ஒரு நூல் மட்டும் கூடுதலாக இருந்தது. "இப்போ?"

"சதுரம்" என்றான் சுஜித், குரலைத் தாழ்த்தி.

அந்த நூலையும் அழித்தாள். நான்கு பக்கமும் ஒரே அளவாயின. "மூலை ஏதாவது மாறிச்சா? இதுவரைக்கும் சதுரமாயிருந்தது, பக்கம் ஒண்ணு போல ஆனதும் எப்படி இல்லாமப் போகும்?"

சுஜித் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தான்.

ஷைலஜா டீச்சர் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். புத்தகத்தில் அந்த வரியை வாய்க்குள் மறுபடி படித்தார். பிறகு சாக்பீஸை வாங்கி, அந்தப் படத்துக்குக் கீழே 'சமசதுரம்' என்று எழுதி, பக்கத்திலேயே 'சதுரம்' என்றும் எழுதினார்.

"பூமாரி சொன்னது சரி. ரெண்டு பெயரும் இதுக்குச் சேரும். எல்லா சமசதுரமும் சதுரம். எல்லா சதுரமும் சமசதுரம் அல்ல. நான் வேறவேற பெட்டியில போட்டு வெச்சிட்டேன்." அவர் குரலில் கூச்சம் இல்லை. "சமசதுரம் வரச்சவங்க எல்லாரும் பேப்பரக் கொண்டு வாங்க."

பூமாரியோடு இன்னொருத்தியும் எழுந்தாள். துணிக்கடையில் நிற்கும் ஜிஷா. போன வாரம் சிரித்தவர்களோடு அவளும் சேர்ந்து சிரித்தவள்தான்.

வட்டப் பாடம் அன்று நடக்கவில்லை. இணைகரமும் சாய்சதுரமும் மலையாளப் பேர்களில் போர்டுக்கு வந்தன. எது எதற்குள் அடங்கும் என்று பெரிய சண்டை நடந்தது. சுஜித்தான் அதிகம் கத்தினான்.

போகும்போது டீச்சர் பூமாரியைக் கூப்பிட்டார். "பரீட்சையில நீளமாவே வரச்சிரு. திருத்துற ஆளு எப்படியிருக்கும்னு சொல்ல முடியாது."

"வரைக்கச் சொன்னா நீளமா வரைக்கிறேன் டீச்சரே. எது எது சதுரம்னு கேட்டா இதையும் சேர்த்துத்தான் எழுதுவேன்."

அப்படித்தான் கேட்டார்கள். பரீட்சையில் ஐந்து படங்கள் கொடுத்து, சதுரங்களின் எண்களை எழுதச் சொல்லியிருந்தார்கள். பூமாரி கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. சமசதுரத்தின் எண்ணையும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

அந்தக் கேள்விக்கு மார்க் போட்டார்களா என்பது அவளுக்குத் தெரியாது. கணக்கில் பாஸ். மற்றதிலும் பாஸ். சொரிமுத்து வேலைக்குப் போன இடத்தில் எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தான் என்று பிறகு கேள்விப்பட்டாள்.

ஏழு முடித்தவர்கள் நேரே எழுதக்கூடிய பத்தாம் வகுப்புக்குப் பேர் கொடுக்க அவள் போனபோது, அங்கே இருந்த பத்மகுமார் என்பவர் அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தமிழிலும் எழுதலாம். அதுதானே உங்களுக்கு எளுப்பம்?" என்றார்.

பூமாரி கொஞ்சம் யோசித்தாள்.

"மலையாளமே போடுங்க சாரே. இப்பத்தான் எனக்குப் பேரெல்லாம் பிடிபட ஆரம்பிச்சிருக்கு."