முடிவு நல்லது என்று எழுதிய வாரம்

ஈரத்துணி பலகையின் மேல் போகிறது, போன இடமெல்லாம் கறுப்பு மினுங்குகிறது, சாக்பீசு எழுத்து கரைந்து வெள்ளைத் தண்ணியாக என் முழங்கை வரைக்கும் வழிகிறது, பலகை காயக் காய அழித்த எழுத்து மறுபடியும் மங்கலாக மேலே வருகிறது, எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் போன வாரத்துப் படம் கொஞ்சம் தங்கித்தான் போகும், துடைக்கிற கை என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம் வருகிற நேரமும் உண்டு, ஏனென்றால் கனவிலும் இந்தக் கைதான் வருகிறது, கனவில் பலகைக்குக் கரை கிடையாது, துடைத்துக்கொண்டே நடக்கிறேன், மலை ஓரம் வரைக்கும் கறுப்பாக நீண்டு கிடக்கிறது. எங்கள் குவாரிக் காலனிக்குப் பஞ்சாயத்து டிவி வந்த வருசம், டிவி ரூம் வெளிச்சுவரில் சிமெண்டு பூசிக் கறுப்பு அடித்த பலகை அது, என்ன எழுதுவதற்காக அடித்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை, ஒரு வருசம் சும்மாவே கிடந்தது, பிறகு நான் எழுத ஆரம்பித்தேன், முப்பத்தாறு வயசில் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தவள், படித்து முடித்த பிறகுதான் தெரிந்தது எனக்கு எழுத ஒன்றுமில்லை என்று, கடுதாசி போட ஆள் இல்லை, கையெழுத்துக் கேட்கிற ஆபீசும் இல்லை, எழுதாமல் விட்டால் வந்த வழியே போய்விடும் என்று வகுப்பு எடுத்த பொண்ணு வேறு சொல்லியிருந்தது, அதனால் வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் ஜல்லித் தூசியோடு நேரே டீக்கடைக்குப் போவேன், பேப்பரில் வரும் வாரம் எந்த நாள் எந்தப் படம் என்று போட்டிருக்கிற மூலையை விரலால் கண்டுபிடித்து, எழுத்துக் கூட்டி, மனசில் வாங்கிக்கொண்டு வந்து பலகையில் ஏற்றுவேன், படத்தின் பெயரை எழுத மாட்டேன், என் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், இரண்டு பெயர் எழுதினால் பலகை நிறைந்துவிடும், பெயரைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குப் புரியவும் செய்யாது. சனி, பாம்புப் படம், பிள்ளைகளோடு பார்க்கலாம். ஞாயிறு மூணு மணி, அண்ணன் தம்பி சண்டை, அழுகை உண்டு, முடிவு நல்லது. செவ்வாய், போலீசுப் படம், முதல் பாதி தூங்கலாம். இப்படித்தான் எழுதுவேன், எல்லாம் பழைய படங்கள், பாதிக்கு மேல் நான் கீற்றுக் கொட்டகையில் பார்த்தவை, பார்க்காததைக் கல் உடைக்கிற இடத்தில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒருத்திக்காவது தெரிந்திருக்கும், டிவி ரூம் சாவி வைத்திருந்த பழனியாண்டி மாமா சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே வந்து நிற்பார், ஏத்தா, போலீசுப் படத்துல தூங்கச் சொல்ற, அந்தப் படத்தை எடுத்தவன் கேட்டா தூக்குல தொங்கிருவான், என்பார், அவன் இந்தப் பக்கம் வரட்டும் மாமா, ஒரு நாள் சம்மட்டி பிடிச்சுட்டு ஒக்காந்து முழுசாப் பாக்கட்டும், அப்பறம் தொங்கட்டும், என்பேன் நான்.

முடிவு நல்லதா கெட்டதா என்பதுதான் முக்கியம், மற்றதை யாரும் படிக்கக்கூடச் சொல்ல மாட்டார்கள், எழுத்துத் தெரியாத பெண்கள் தண்ணிக் குடத்தோடு பலகைக்கு முன்னால் நின்று, கடைசியா என்னா போட்ருக்கு, அதை மட்டும் வாசிக்கா, என்பார்கள், அழுவதற்கு டிவி ரூம் வரைக்கும் வரணுமா, அது வீட்டிலேயே கிடக்கு, என்பாள் ஒருத்தி, கெட்டது என்று எழுதினால் அன்றைக்கு ரூமில் நாலு பிள்ளைகளும் ஒரு நாயும்தான் இருக்கும். அந்தப் புரட்டாசியில் ஒரு மத்தியானம், பாறைக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறோம், அந்தப் பக்கம் வேட்டு வைக்கிற அடைக்கலம் திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடி வந்து எங்களோடு உட்காருகிறான், வேட்டு வைக்கிற நாளில் எத்தனை குழியோ அத்தனை சத்தத்தையும் எல்லோரும் வாய்விட்டு எண்ண வேண்டும், அது எங்கள் குவாரியில் சட்டம் மாதிரி, ஐந்து குழி, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, எல்லோரும் எண்ணினோம், எழுந்து சேலையைத் தட்டினோம், அடைக்கலம் கல்லைப் பார்க்க முதல் ஆளாகப் போனான், நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவில் எதிர்மலை திருப்பிச் சொன்ன சத்தம் ஒன்றை நாங்கள் வேட்டு என்று எண்ணிவிட்டோம், ஐந்தாவது குழி அவன் முகத்துக்கு நேரே எழுந்தது. நானும் அஞ்சு என்றுதான் சொன்னேன், என் குரல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே இருந்தது என்று இப்போது தோன்றுகிறது, அது நிஜமாக இருந்ததா, நான் பிறகு சேர்த்துக்கொண்டதா, தெரியவில்லை. அவன் உயிர் பிழைத்துவிட்டான், இரண்டு கண்ணையும் கட்டித் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள், அவன் பெண்டாட்டி பவுனு எனக்குப் பக்கத்துக் குவியலில் ஜல்லி உடைக்கிறவள், கல்யாணமாகி எட்டு மாசம், அவள் மூன்று வாரம் கழித்து, கொழுந்தனைக் காவலுக்கு வைத்துவிட்டு மாற்றுத் துணி எடுக்க வந்தாள், வந்தது வெள்ளிக்கிழமை, நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், அக்கா, என்று பின்னால் குரல் கேட்கிறது, திரும்பினால் பவுனு, முந்தானை முடிச்சில் மாரியம்மனுக்கு நேர்ந்த வெள்ளிக் கண்மலர், அதை விரல் உருட்டிக்கொண்டே இருக்கிறது, திங்கக்கெழம கட்டைப் பிரிக்கிறாகளாம், இந்த வாரம் என்ன படம்க்கா, கண்ணு வர்ற படம் ஏதாச்சும் இருக்கா, என்று கேட்கிறாள், ஏண்டி, என்கிறேன், இல்லக்கா, அதுல வந்துட்டா இதுலயும் வந்துரும், என்கிறாள், மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிற முகம் மாதிரி இருந்தது அவள் முகம்.

இருந்தது. ஞாயிறு மூணு மணிக்கு அந்தப் படம்தான் போட்டிருந்தார்கள், கண்ணுக்கட்டுப் படம் என்று நாங்கள் சொல்வோம், கல்யாணமான புதிதில் நான் கீற்றுக் கொட்டகையில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து பார்த்தது, மில்லில் கண் போன ஒருத்தன், அவன் பெண்டாட்டி வீடு வீடாகப் போய் வேலை செய்து ஆப்பரேசன் வரைக்கும் கொண்டு வருகிறாள், டாக்டர் கட்டைப் பிரிக்கிறார், ஒரு சுற்று, இரண்டு சுற்று, துணி நீளமாக வந்துகொண்டே இருக்கிறது, அந்த நேரம் பார்த்து மேற்கேயிருந்து காற்றும் மழையும் இறங்கி, கீற்று பறந்து, திரை நடுவில் கிழிந்து, நாங்கள் எல்லோரும் பாயைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினோம், படம் எனக்கு அங்கேயே நின்றுவிட்டது, ஆனால் கட்டைப் பிரிக்கிறார்கள் என்றால் கண் தெரியாமலா போகும், இருபது வருசமாக என் மனசில் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், அந்தச் சிரிப்பை நான் பார்த்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம்கூட யோசிக்காமல் எழுதினேன், ஞாயிறு மூணு மணி, கண்ணுக்கட்டுப் படம், எல்லோரும் வரவும், முடிவு நல்லது. எல்லோரும் வரவும் என்று அதற்கு முன்னால் எந்தப் படத்துக்கும் எழுதியதில்லை, பவுனு அந்த எழுத்தைத் தொட்டு விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தாள், நல்லதுதானக்கா, என்றாள், நல்லதுதான்டி, என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ரூமில் நிற்க இடமில்லை, சன்னல் கம்பியில் எல்லாம் ஆள், பவுனு முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறாள், அவள் கழுத்து மட்டும் எனக்குத் தெரிகிறது, படத்தில் கட்டு சுற்றுச் சுற்றாக வருகிறது, கீற்றுக் கொட்டகையில் நின்ற இடத்தைத் தாண்டிப் படம் போகிறது, மழை வரவில்லை, டிவி அணையவில்லை, அவன் கண்ணைத் திறக்கிறான், தெரியுதா என்று அவள் கேட்கிறாள், தெரியுது என்று சொல்கிறான், ரூமே மூச்சு விட்டது, யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள், அவள் சிரித்துக்கொண்டே பால் டம்ளரை நீட்டுகிறாள், அவன் கை வேறு பக்கம் போகிறது, டம்ளர் விழுகிறது, பால் தரையில் ஓடுகிறது, அவள் கத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டுகிறாள், முட்டிக்கொண்டே இருக்கும்போது வணக்கம் என்று எழுத்து வந்தது, அந்த ஐந்து எழுத்தையும் நான் முழுசாகப் படித்தேன், படிக்கத் தெரிந்ததற்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக வருத்தப்பட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை, பழனியாண்டி மாமா மட்டும் டிவியை நிறுத்திவிட்டு, ஏத்தா, இதா நல்லது, என்றார், கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார், மழை வந்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள். பவுனு சாக்கை நாலாக மடித்தாள், அழவில்லை, கண்மலர் முடிச்சை இறுக்கிக்கொண்டாள், காலையில மொத பஸ்ஸு எத்தனை மணிக்குக்கா, என்றாள், அஞ்சே முக்கால், என்றேன், நீயும் வாக்கா, அங்க போர்டு வாசிக்க ஆள் வேணும், என்றாள்.

போனேன், பஸ்ஸின் போர்டை வாசித்தேன், ஆஸ்பத்திரியில் அம்புக்குறி போட்ட போர்டுகளை ஒவ்வொன்றாக வாசித்து, மாடி ஏறி, கண் பகுதி என்று எழுதியிருந்த இடத்துக்குக் கூட்டிப் போனேன், அங்கே நான் வாசிக்க வேறு எதுவும் இல்லை, சன்னல் பக்கம் ஒதுங்கி நின்றேன், நர்சம்மா கட்டைப் பிரிக்கிறது, ஒரு சுற்று, இரண்டு சுற்று, நேற்றுப் பார்த்ததா இன்றைக்கு நடப்பதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, துணி அதே மாதிரிதான் வருகிறது, டாக்டர் குனிந்து விளக்கு அடித்துப் பார்த்தார், நிழல் தெரியலாம், போகப் போகத்தான் சொல்ல முடியும், என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார், அடைக்கலம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், முகமெல்லாம் கல் சில்லு தைத்த புள்ளி, பவுனு, என்கிறான், இந்தா இருக்கேன், என்கிறாள், தெரியுது, என்கிறான் அவன், தெரியுதுல்ல, என்று பவுனு திருப்பிச் சொல்கிறாள், குரலில் ஒரு பிசிறும் இல்லை, பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றுகிறாள், ஆவி பறக்க இடது பக்கம் நீட்டுகிறாள், அவன் கை வலது பக்கம் போகிறது, காற்றில் விரலை விரித்துக்கொண்டு நிற்கிறது. நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பவுனு கையை மாற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல், மூடியைக் கொண்டுபோய் அந்தக் கை நின்ற இடத்தில் வைத்தாள், அவன் பிடித்தான், குடித்தான், சக்கரை தூக்கலா இருக்கு, என்றான், ஆமா, ஒங்கக்காக்காரி போட்டா அப்படித்தான், என்று என்னைக் காட்டிச் சொன்னாள், அவன் நான் நிற்காத பக்கம் திரும்பிச் சிரித்தான், நானும் சிரித்தேன், சத்தமாகவே சிரித்தேன், அவனுக்குக் கேட்க வேண்டுமே. கொழுந்தனையே மறுபடி காவலுக்கு வைத்துவிட்டுத் திரும்பி வருகிற பஸ்ஸில், கந்தர்வகோட்டை தாண்டியதும் பவுனு, அக்கா, அந்தப் பொம்பள ஏன் அப்படிக் கத்துனா, என்றாள், எந்தப் பொம்பளடி, என்றேன், படத்துல வந்தாளே அவதான், டம்ளர நவுத்திக் குடுத்துருக்கலாம்ல, என்றாள், பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள், முந்தானை முடிச்சு அவிழாமல் மடியில் கிடந்தது.

அதற்குப் பிறகு சில வாரம் நான் முடிவை எழுதவில்லை, நாள், மணி, பாம்பா போலீசா, அதோடு சரி, பெண்கள் சண்டைக்கு வந்தார்கள், அரைகுறையா எழுதுறதுக்கு எழுதாமலே இரு, என்றார்கள், கல் உடைக்கிறேன், கல் உடைகிறது, எதிர்மலை திருப்பிச் சொல்கிறது, நான் எதையும் எண்ணுவதில்லை, வெள்ளிக்கிழமை வருகிறது, ஈரத்துணி பலகையின் மேல் போகிறது, யாரு, அக்காவா, என்று குரல் கேட்கிறது, அடைக்கலம், சுவரைத் தடவிக்கொண்டு வந்து நிற்கிறான், தண்ணிக் குழாயில் இருந்து பவுனு குடத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள், கிட்டே வரவில்லை, வீட்டுல சும்மா ஒக்காந்து இடுப்பு செத்துப்போச்சுக்கா, துணியக் குடு, நான் தொடைக்கிறேன், என்கிறான், கொடுக்கிறேன், அவன் மேலும் கீழுமாகத் துடைக்கிறான், வெள்ளைத் தண்ணி அவன் முழங்கை வழியாக இறங்கிச் சட்டைக்குள் போகிறது, இந்த வாரம் கேக்குறதுக்கு நல்ல படமாப் போடுக்கா, வசனம் பேசுற படம், சும்மா ஓடிக்கிட்டே இருக்குற படம் வேணாம், என்கிறான், ஞாயித்துக்கெழம ஒண்ணு இருக்கு, மாமியாரும் மருமவளும் மூணு மணி நேரமும் வாயை மூட மாட்டாளுக, என்கிறேன், ஆகட்டும், அது எப்படி முடியும், என்கிறான், கடைசி வரைக்கும் பாத்ததில்லப்பா, என்கிறேன், இந்த ஒன்றைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது, அவன் கொஞ்சம் யோசிக்கிறான், அதையே எழுது, பாத்ததில்லன்னு, நாங்க கேட்டுட்டுச் சொல்றோம், என்கிறான், துணியைப் பிழிந்து என் குரல் வந்த பக்கம் நீட்டுகிறான், நான் நின்ற இடத்தில் இருந்து ஒரு எட்டு நகர்ந்துபோய் வாங்கிக்கொள்கிறேன், சுத்தமாப் போயிருச்சாக்கா, என்று கேட்கிறான், போயிருச்சு, என்கிறேன், ஆமா, தெரியுது, என்கிறான், மேல் மூலையில் அவன் கை போகாத இடத்தில் போன வாரத்து ஞாயிறு மூணு மணி அப்படியே நிற்கிறது, இந்த வாரமும் ஞாயிறு மூணு மணிக்குத்தான் படம், அதைத் தொடாமல், அதற்குப் பக்கத்தில் இருந்து எழுத ஆரம்பிக்கிறேன்.