நூற்றி நாலு என்று சொன்னவள்

கணவர் அயர்ந்து தூங்குகிறார் என்று நிச்சயமான பிறகுதான் ஜெபராணி அவருடைய இடது கால் உறையைக் கழற்றத் துணிந்தாள். மதியம் மூன்று மணி. முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் முடித்து வந்தவள் சீருடையைக்கூட மாற்றவில்லை. ஒரு வாரமாக ஜெபதாஸ் அந்தக் காலை யாருக்கும் காட்டவில்லை. படுக்கும்போதும் உறையோடுதான் படுத்தார். அது தோலோடு ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒற்றி, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். கழன்றதும் அந்த வாடை வந்தது. பதினெட்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு அதன் பெயர் தெரியாதா? சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கருத்துப்போயிருந்தன. சிவப்பு கணுக்காலைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. நெற்றியில் கை வைத்தாள், கொதித்தது. மூச்சு, ஓடி வந்தவர் விடுகிற மூச்சு மாதிரி இருந்தது. இனி நாட்களை வைத்துக் கணக்குப் போட முடியாது, மணிகளை வைத்துத்தான் போட வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது.

அமெரிக்கா என்றதும் நம் கண்ணுக்குள் வருகிற உயர்ந்த கட்டடங்கள் எதுவும் இல்லாத ஊர் ஹார்லன். டெக்சஸின் மேற்குப் பகுதியில், லபக் பட்டணத்திலிருந்து எண்பது மைல். பருத்திக் காடு, மாட்டுப் பண்ணை, நாள் முழுக்க ஓயாத காற்று. நர்ஸ்கள் கிடைக்காத ஊர் என்பதால் ஜெபராணிக்கு விசா கிடைத்தது. தொண்ணூற்றிரண்டில் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து வந்தார்கள். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த ஜெபதாஸ், இங்கே ஒரு குஜராத்திக்காரரின் மோட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற மெஷின்களுக்கு நடுவே நின்றார். ஊரார் அவரை ஜெப் என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். அது சரியான கௌபாய்ப் பெயர் என்று மகள் ஃபெபி சொல்லிச் சிரிப்பாள். "டாடி, யூ நீட் எ ஹேட்!" அவரும் சிரிப்பார், பாவம். உதடு மட்டும் சிரிக்கும்.

அவர் கண்ணும் சேர்ந்து சிரித்தது ஒரே ஒரு நாள்தான். தொண்ணூற்றெட்டு ஏப்ரலில், டாலஸில் தமிழ்ச் சபைகள் சேர்ந்து நடத்திய உபவாசக் கூட்டத்தில். டாலஸை ஒட்டிய காப்பெலில் இருக்கும் செல்வராஜ் அங்கிள்தான் தலைமை. மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்து ஜெபம். சாப்பாடு இல்லை என்பதால் ஜெபதாஸ் இன்சுலினும் போடவில்லை. மூன்றாம் நாள் காலை ஜெபராணி அவர் விரலில் குத்திப் பார்த்தாள். எப்போதும் இருநூற்றைம்பதுக்குக் கீழே வராத சர்க்கரை நூற்றி நாலு. ஹாலே எழுந்து நின்றது. செல்வராஜ் அங்கிள் மைக்கை அவளிடமே நீட்டினார். "நர்ஸம்மா வாயாலயே வரட்டும்! எவ்ளோ சொல்லும்மா?" அவள் சொன்னாள். இருநூறு பேர் அல்லேலூயா என்றார்கள். அன்று ஜெபதாஸ் மேடையில் நின்று, கடவுள் தன் சர்க்கரையைக் குணமாக்கினார் என்று சாட்சி கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் இன்சுலின் குப்பிகளைக் குப்பையில் போட்டார்.

சபையில் நின்று சாட்சி சொல்வது என்றால் அந்த மக்களிடையே சின்ன விஷயம் இல்லை. சொல்லிவிட்டுப் பின்வாங்கினால் கடவுளையே பொய்யராக்கியது போல. மே மாதம் தாகம் கூடியது, ஜூனில் சட்டை தொளதொளத்தது. மோட்டலில் ஒரு ஆணி காலில் ஏறியது. ஜெப எண்ணெய் தடவி உறை போட்டுக்கொண்டார். ஜெபராணி கெஞ்சிப் பார்த்தாள். "ஏ ராணி, அத்தன பேர் முன்னால சொல்லியாச்சுலா. மறுபடி ஊசி போட்டா நான் என்ன மனுசன்?" என்றார். செல்வராஜ் அங்கிளுக்கு போன் பண்ணினாள். "நீ நர்ஸா பேசறம்மா. விசுவாசியா பேசு," என்று அவர் வைத்துவிட்டார்.

ஆனால் அவளுக்கு ஒன்று தெரியும். மைக்கைப் பிடித்திருந்தபோதே தெரியும். அதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

உறையைக் கையில் பிடித்தபடி பின்வாசல் குழாயடிக்குப் போனாள். அழுவதற்கு அந்த வீட்டில் வேறு இடம் இல்லை. குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு நிமிர்ந்தால், கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு குதிரை நிற்கிறது. பக்கத்தில் நீளமான கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு கிழவர், கக்கத்தில் தோல் அட்டைப் பைபிள். ஆகஸ்ட் வெயிலில் கம்பளிக் கோட்டு. அவள் பயப்படவில்லை. கறுப்பு அங்கியும் பைபிளுமாக வாசலில் ஒருவர் வந்து நின்றால் அவர் ஐயர்தான். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் போதகரை அப்படித்தான் அழைப்பார்கள். சின்னப் பிள்ளையிலிருந்து பழகின பழக்கம், பயத்துக்கு முந்திக்கொண்டது.

"குதிரைக்குத் தண்ணீர் கிடைக்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வாளியை நகர்த்தி வைத்தாள். குதிரை வெகுநேரம் குடித்தது. வாளியில் தண்ணீர் குறையவே இல்லை. அப்போதுதான் ஊரில் சொல்லும் ஒரு கதை அவளுக்கு நினைவு வந்தது.

ஊருக்கு வெளியே, ரோட்டோரம், ஆறு சின்னக் கல்லறைகள் இருக்கின்றன. ஆறிலும் 1899, அக்டோபர், ஒரே வாரம். தொண்டை அடைப்பான் நோயில் போன பிள்ளைகள். ரயிலில் மருந்து வந்து இறங்கி, டாக்டர் அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாராம். ஊர் ஊராகக் குதிரையில் போய்ப் பிரசங்கம் பண்ணுகிற ஒரு போதகர், ஜெபமே போதும் என்று வாசலில் நின்று மறித்தாராம். முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு கிழவியும் இந்தக் கதையை அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். கதை சொன்னவர்கள் யாரும் சொல்லாத ஒன்று, அவர் கண்கள் இவ்வளவு களைத்திருக்கும் என்பது.

"ஐயா," என்றாள். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "உள்ள வாங்க. அவங்களுக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க." தமிழில்தான் சொன்னாள். அவருக்குப் புரிந்தது.

"என்னிடம் ஜெபம் மீதி இல்லை அம்மா," என்றார். "ஆனால் இதுவரை ஒரு வீட்டிலும் என்னை உள்ளே கூப்பிட்டதில்லை."

படுக்கையறையில் அவர் தொப்பியைக் கழற்றினார். ஜெபதாஸ் கண் விழித்தார். காய்ச்சலில் பளபளத்த அந்தக் கண்கள் விரிந்தன. "ராணி, பாத்தியா! நான் சொன்னேம்லா. யாரையாவது அனுப்புவாருன்னு சொன்னேம்லா!" இரண்டு கைகளையும் ஏந்தினார், ஆசீர்வாதம் வாங்குகிறவர் போல.

கிழவர் ஆசீர்வதிக்கவில்லை. கட்டில் ஓரம் மண்டியிட்டார். தரையில் முழங்கால் பட்ட சத்தம் கேட்கவில்லை. "மருந்தைப் போட்டுக்கொள்," என்றார். "உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் ஆறு வாசலில் நின்றேன். ஆறு பிள்ளைகளுக்கும் நானே பெட்டி மூடினேன். கடவுள் பேசினார் என்று நினைத்தேன். பேசினது என் தொண்டை. மருந்தைப் போட்டுக்கொள், தம்பி."

ஜெபதாஸின் கைகள் மெல்ல இறங்கின. முகம் இறுகியது. பிறகு அந்த உடம்பில் எங்கே மிச்சமிருந்ததோ அந்தச் சத்தம். "நீ ஐயர் இல்ல. ஐயர் வேசத்துல வந்த சோதனைக்காரன்! என் விசுவாசத்தைப் பறிக்க வந்தியா? போ வெளிய! ஏ ராணி, இவன எதுக்கு உள்ள விட்ட?"

கிழவர் எழுந்தார். கோபப்படவில்லை. "அந்த டாக்டரிடம் நானும் இதையேதான் சொன்னேன்," என்றார். "ஒரு எழுத்துக்கூட மாறவில்லை." வாசல் வரை போனவர் ஜெபராணி பக்கம் திரும்பினார். "அந்த ஆறு தாய்மாரில் ஒருத்திக்கு என் ஜெபம் பலிக்கவில்லை என்ற உண்மை தெரியும். என் முகம் வாடிவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள்." அவ்வளவுதான் சொன்னார். பின்வாசல் கம்பிவலைக் கதவு ஆடவும் இல்லை.

முன்கதவு திறந்து ஃபெபி பள்ளிக்கூடப் பையோடு உள்ளே வந்தாள். பதின்மூன்று வயது. "மம்மி, ஹூ இஸ் டாடி யெல்லிங் அட்?" என்று கேட்டு, மூக்கைச் சுளித்து, "வாட்ஸ் தட் ஸ்மெல்?" என்றாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். அப்பாவின் காலைப் பார்த்தாள். பை தோளிலிருந்து வழுக்கி விழுந்தது.

"நைன் ஒன் ஒன்னுக்கு போன் போடு மக்கா," என்றாள் ஜெபராணி.

"போன்ல கை வைக்காத ஃபெபி!" என்றார் ஜெபதாஸ். பிள்ளை நடுவில் நின்றது. யாருக்குக் கீழ்ப்படிவது?

ஜெபராணி கட்டிலில் உட்கார்ந்தாள். "ஏங்க. நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு மைக்ல நூத்தி நாலுன்னு சொன்னேம்லா."

"ஆமா. அதான என் சாட்சி."

"மூணு நாளா பச்சத் தண்ணி குடிச்சுக் கெடந்தீய. வயித்துல ஒண்ணுமில்லாட்டி சுகர் எறங்கத்தான் செய்யும். ஒங்களுக்குன்னு இல்ல, நெறைய பேருக்கு எறங்கும். சாப்புட்டா திரும்ப ஏறிரும். அது எனக்கு அப்பமே தெரியும்."

 ஜெபதாஸ் அவளையே பார்த்தார்.

"தெரிஞ்சா சொன்ன?"

"நீங்க சிரிச்சிய. இங்க வந்து ஆறு வருசத்துல ஒங்க மொகத்துல நான் அதப் பாக்கவே இல்ல. ஒரு வாரம் சந்தோசமா இருக்கட்டும், பெறகு சொல்லுவோம்னு நெனச்சேன். அப்புறம் சொல்ல வாய் வரல."

அவர் கூரையைப் பார்த்தார். ஒரு வாத்தியார் பலகையில் போட்ட கணக்கை மனதுக்குள் திரும்பப் போட்டுப் பார்ப்பது மாதிரி உதடுகள் அசைந்தன. "அன்னைக்கு எம்மேல ஒரு சூடு எறங்குச்சு ராணி. உச்சந்தலைல இருந்து உள்ளங்கால் வரைக்கும். தேகமே லேசாப் போச்சு. அது?"

அது பசி. அவளுக்கு அதுவும் தெரியும். அதை மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்லாததே போதுமானதாக இருந்தது.

"அப்போ அவரு எங்கிட்ட பேசவே இல்ல," என்றார் ஜெபதாஸ்.

கோபித்திருக்கலாம், அவளை ஏசியிருக்கலாம். ஏசினால் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அவளும் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவர் வலது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். பிரம்படி வாங்க எத்தனையோ பிள்ளைகள் அவர் முன்னால் அப்படிக் கை நீட்டியிருக்கும். "எதப் போடணுமோ போடு," என்றார். "எனக்கு இப்ப எல்லாம் ஒண்ணுதான்."

நான்கு மாதமாக அவள் இரந்து கேட்டது அந்தக் கையைத்தான். இப்போது கிடைத்திருக்கிறது. அதைப் பிடித்தபோது, இதைவிட அவர் தன்னை அடித்திருக்கலாம் என்று நினைத்தாள். ஃபெபி போனில் வீட்டு விலாசத்தைத் தப்பும் தவறுமாகச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிஷம் ஆனது. ஊரில் முடிவெட்டுகிற பெண்தான் அதில் மருத்துவ உதவியாள். அவள் புருஷன் டிரைவர். ஃபெபி முன்னால் உட்கார்ந்தாள், ஜெபராணி உள்ளே கணவர் பக்கத்தில். அந்தப் பெண் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். ஜெபராணி எட்டி அந்த எண்ணைப் படித்தாள். அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "ஸ்டே வித் மீ, ஜெப்," என்று அந்தப் பெண் கன்னத்தைத் தட்டினாள். அவர் கண் திறந்துதான் இருந்தது. வெளியில் இருந்து யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த வீட்டின் ஜன்னல் மாதிரி இருந்தது.

லபக் ஆஸ்பத்திரிக்குப் போகும் எண்பது மைலில் முப்பது போயிருப்பார்கள். வண்டி வேகம் குறைந்து நின்றது. சைரனும் நின்றது. ஜெபராணி முன் கண்ணாடி வழியே பார்த்தாள். ரோட்டுக்குக் குறுக்கே மாடுகள் போய்க்கொண்டிருந்தன. மழை பொய்த்து மேய்ச்சல் செத்த வருஷம் அது. யாரோ மொத்த மந்தையையும் விற்பதற்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். சைரன் சத்தத்தில் மிரண்டால் ரோட்டு நெடுக ஓடிவிடும் என்று டிரைவர் கைகளை ஸ்டியரிங்கில் வைத்தபடி காத்திருந்தார். குதிரையில் இருந்த ஒருவன் ஆம்புலன்ஸைப் பார்த்துவிட்டு மாடுகளை விரட்டினான். அவை விரைந்ததாகத் தெரியவில்லை.

"ஏன் நின்னுட்டு?" என்றார் ஜெபதாஸ்.

"மாடு போவுதுங்க. இப்ப போயிரும்."

"எத்தன?"

அவள் பார்த்தாள். விலா எலும்பு தெரிகிற மாடுகள், ஒன்றின் பின்னால் ஒன்று, தலையைத் தொங்கப்போட்டுப் புழுதிக்குள்ளிருந்து வந்து புழுதிக்குள்ளேயே போயின. வரிசை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கிழக்கே வானம் வரைக்கும் அந்தச் செம்புழுதிதான் எழும்பிக்கொண்டிருந்தது.